ஜொலிக்கும் அட்டையா, ஜெயிக்கும் அட்டையா? போக்கிமோன் அட்டையை எடைபோடும் கணக்கு

"தம்பி, உன் நாலு ரேர் கேண்டியையும் எனக்குக் கொடுத்துடு. நான் உனக்கு சாரிசார்ட் தர்றேன். 330 டேமேஜ், பாரு!"

பள்ளி ஓய்வு நேரத்திலும் டியூஷன் வகுப்பு வாசலிலும் பேரங்காடி மேசைகளிலும் இந்த மாதிரிப் பேரம் நடக்கிறது. கேட்பவன் மூன்றாம் படிவம், கொடுப்பவன் நான்காம் ஆண்டு. சின்னவனிடம் இருப்பவை படமும் பளபளப்பும் இல்லாத அட்டைகள். பெரியவன் நீட்டுவதோ நெருப்பு கக்கும் டிராகன் மாதிரி ஒன்று. சின்னவன் யோசிக்கவே மாட்டான், கொடுத்துவிடுவான். சனிக்கிழமை நண்பர்களோடு விளையாட உட்கார்ந்தால் மூன்று ஆட்டமும் தோல்வி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கித் தரச் சொல்லி அழுவான்.

தீபாவளி அன்பளிப்புக் காசில் பாதி இந்தப் பாக்கெட்டுகளுக்கே போகும் வீடுகள் உண்டு. "கார்டு விளையாடுகிறான்" என்று கேட்டதும் சீட்டாட்டம் என்று பதறும் பாட்டிமார்களும் உண்டு. இது சூதாட்டம் அல்ல. கூட்டல் கழித்தலும் கொஞ்சம் நிகழ்தகவும் தெரிந்தவர் ஜெயிக்கும் விளையாட்டு. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பாக்கெட்டைக் காசு கொடுத்துப் பிரிப்பதில் சூதாட்டத்தின் வாசனை இருப்பதை மறுக்க முடியாது. அதனால்தான் ஓர் அட்டை ஆட்டத்துக்கு எவ்வளவு பயன்படும் என்று எடைபோடத் தெரிவது பிள்ளைக்கும் நல்லது, பெற்றோரின் பர்ஸுக்கும் நல்லது.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

அட்டையை மதிப்பிட ஆட்டத்தின் சில விதிகள் தெரிந்தால் போதும். ஒவ்வொருவரும் 60 அட்டைகள் கொண்ட கட்டு ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்து வர வேண்டும். பிள்ளைகள் அதை டெக் என்பார்கள். அடிப்படை எனர்ஜி அட்டையைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. தொடக்கத்தில் கைக்கு 7 அட்டைகள். இன்னும் 6 அட்டைகள் பரிசு அட்டைகளாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமோனை வீழ்த்தும்போதெல்லாம் உங்கள் பரிசு அட்டையில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. பெயரின் பின்னால் 'இஎக்ஸ்' என்று போட்ட பெரிய போக்கிமோன் வீழ்ந்தால் எதிராளிக்கு ஒன்றல்ல, இரண்டு பரிசு போகும்.

முன்னணியில் ஒரு போக்கிமோன் நின்று சண்டை போடும். பின்னால் பெஞ்சில் ஐந்து வரை காத்திருக்கலாம். தாக்க வேண்டுமானால் எனர்ஜி வேண்டும். அதைக் கையிலிருந்து ஒரு முறைக்கு ஒன்றுதான் இணைக்க முடியும். 'சப்போர்ட்டர்' வகை உதவி அட்டையையும் ஒரு முறைக்கு ஒன்றுதான் போடலாம். சின்னப் போக்கிமோனைப் பெரியதாக வளர்த்தெடுக்கலாம், ஆனால் இறக்கிய அதே முறையில் வளர்க்க முடியாது.

ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி, ஒரு முறைக்கு ஒரு சப்போர்ட்டர் என்ற இந்த இரண்டு கட்டுப்பாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஒரே பெயர், இரண்டு சாரிசார்ட்

2023 ஆகஸ்டில் 'ஒப்சிடியன் ஃப்ளேம்ஸ்' என்ற தொகுப்பு வந்தது. அடுத்த மாதமே '151' என்ற தொகுப்பு வந்தது. இரண்டிலும் 'சாரிசார்ட் இஎக்ஸ்' என்ற அட்டை இருந்தது. இரண்டுக்கும் உயிர்ப்புள்ளி 330. இரண்டும் சார்மாண்டரில் தொடங்கி இரண்டாம் கட்டத்தில் வருபவை. பெயர் ஒன்று, ஆள் வேறு.

'151' தொகுப்பில் வந்ததன் பெரிய தாக்குதல் 330 சேதம் கொடுக்கும். 'ஒப்சிடியன் ஃப்ளேம்ஸ்' தொகுப்பில் வந்தது 180 சேதம்தான் கொடுக்கும். எது நல்ல அட்டை என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதல் பார்வையில் 330 என்றே சொல்லும். பேரம் பேசிய அண்ணனும் அதைச் சொல்லித்தான் தம்பியை மடக்கினான். போட்டிகளில் விளையாடுபவர்கள் தங்கள் டெக்கில் சேர்த்ததோ 180 சேதம் தரும் சாரிசார்டை.

காரணம் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விலையில் இருக்கிறது. இங்கே விலை என்பது ரிங்கிட் கணக்கு அல்ல, எனர்ஜி கணக்கு. 330 சேதத்துக்கு நான்கு நெருப்பு எனர்ஜி வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று என்றால் நான்கு முறை காத்திருக்க வேண்டும். தாக்கி முடித்ததும் மூன்று எனர்ஜியைக் கழித்துப் போட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒரு பெரிய அடிக்குப் பிறகு மறுபடி மூன்று முறை காத்திருப்பு. எதிராளி அதுவரை கைகட்டிக்கொண்டு இருப்பாரா?

'ஒப்சிடியன் ஃப்ளேம்ஸ்' சாரிசார்டுக்கு இரண்டு நெருப்பு எனர்ஜி போதும். அதைவிட முக்கியம், அதன் திறமை. கையிலிருந்து இறக்கி ஒரு போக்கிமோனை இந்தச் சாரிசார்டாக வளர்க்கும் அந்தக் கணத்தில், டெக்கைத் தேடி மூன்று அடிப்படை நெருப்பு எனர்ஜி வரை எடுத்து, விருப்பம்போல் தன் போக்கிமோன்களுக்கு இணைக்கலாம். ஒரு முறைக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டை இந்த அட்டை தாண்டிக் குதிக்கிறது. இறங்கிய அதே முறையில் அடிக்கலாம். மிச்சமிருக்கும் ஓர் எனர்ஜியைப் பெஞ்சில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுக்கலாம்.

அந்த 180 சேதமும் அப்படியே நிற்பதில்லை. எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு பரிசு அட்டைக்கும் 30 கூடும். எதிராளி ஒரு பரிசு எடுத்திருந்தால் 210. மூன்று எடுத்திருந்தால் 270. ஐந்து எடுத்து வெற்றியின் வாசலில் நிற்கும்போது 330. '151' சாரிசார்டின் அதே 330, அதுவும் இரண்டே எனர்ஜியில், எதையும் கழிக்காமல்! தோற்றுக்கொண்டிருக்கும்போது பலமாகும் அட்டை இது. ஆட்டத்தில் பின்தங்குவது எல்லோருக்கும் நடக்கும் என்பதால், அந்த நேரத்தில் கைகொடுக்கும் அட்டைக்கு மதிப்பு அதிகம்.

குறை இல்லாத அட்டையா என்றால் இல்லை. புல் வகைத் தாக்குதல் அதற்கு இரண்டு மடங்காக விழும். அதாவது 170 சேதம் கொடுக்கும் புல் போக்கிமோன் ஒரே அடியில் அதைச் சாய்த்துவிடும், இரண்டு பரிசையும் எடுத்துக்கொள்ளும். சார்மாண்டர், சாரிசார்ட், நடுக்கட்டத்தைத் தாண்ட உதவும் ரேர் கேண்டி என்று மூன்று அட்டைகள் சேர்ந்து கைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். இந்தக் குறைகளையும் கூட்டிக் கழித்த பிறகே அது நல்ல அட்டை என்ற முடிவுக்கு விளையாட்டாளர்கள் வந்தார்கள்.

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டு வகைச் சாரிசார்டும் சேர்ந்துதான் நான்கு என்ற வரம்புக்குள் வர வேண்டும். வலுவில்லாததை ஒன்று சேர்த்தால் வலுவானதுக்கு ஓர் இடம் போச்சு.

1999இலும் இதே கதை

ஆங்கிலத்தில் போக்கிமோன் அட்டைகள் வந்தது 1999இல். ஜப்பானில் 1996லேயே வந்துவிட்டது. அந்த முதல் ஆங்கிலத் தொகுப்பின் சாரிசார்ட்தான் இன்றுவரை உலகில் அதிகம் பேசப்படும் அட்டைகளில் ஒன்று. முதல் பதிப்பில் குறை சொல்ல முடியாத நிலையில் இருந்த ஒன்று 2022இல் 4 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போனது. இத்தனை மதிப்புள்ள அட்டை அன்றைய ஆட்டத்தில் என்ன செய்தது?

அதற்கு உயிர்ப்புள்ளி 120. நான்கு எனர்ஜிக்கு 100 சேதம். அன்றைய கணக்கில் அது மலை மாதிரி. ஆனால் ஒவ்வொரு முறை அடித்ததும் இரண்டு எனர்ஜியைக் கழிக்க வேண்டும். எதிரே இருந்ததோ எலெக்டபஸ் என்ற அட்டை. வளர்க்க வேண்டியதில்லை, நேராக இறக்கலாம். உயிர்ப்புள்ளி 70. ஓர் எனர்ஜிக்கு 10 சேதம், இரண்டு எனர்ஜிக்கு குறைந்தது 30 சேதம்.

சாரிசார்ட்காரர் முதலில் தொடங்குகிறார், ஒரு முறைக்கு ஓர் எனர்ஜி இணைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை சார்மாண்டர், இரண்டாம் முறை சார்மிலியன், மூன்றாம் முறை சாரிசார்ட், நான்காம் முறைதான் நான்காவது எனர்ஜி. அதற்குள் எலெக்டபஸ் 10, 30, 30 என்று 70 சேதம் கொடுத்திருக்கும். வளர்ந்தாலும் பட்ட அடி மறையாது. சாரிசார்ட் முதல் அடி கொடுக்கும்போதே பாதிக்கு மேல் உயிர் போயிருக்கும்.

அதோடு 'எனர்ஜி ரிமூவல்' என்று மிகச் சாதாரண அட்டை ஒன்று அந்தத் தொகுப்பிலேயே இருந்தது. எதிராளியின் போக்கிமோனில் இணைத்திருக்கும் ஓர் எனர்ஜியைக் கழற்றி எறிவதுதான் அதன் வேலை. ஒன்று போட்டால் சாரிசார்ட் ஒரு முறை பின்தங்கும். அப்போது பட்ட அடி 100 ஆகியிருக்கும். இரண்டு போட்டால் 130. ஒரு முறைகூட வாயைத் திறந்து நெருப்பு கக்காமலே சாரிசார்டின் கதை முடிந்தது. எலெக்டபஸுக்கு இதே 'எனர்ஜி ரிமூவல்' போட்டால் இழப்பு ஓர் எனர்ஜிதான், அடுத்த முறை சரியாகிவிடும். அதிகம் முதலீடு கேட்பவருக்கே நட்டம் அதிகம்.

எலெக்டபஸ், ஹிட்மோன்சான், சைதர் என்று வளர்க்கத் தேவையில்லாத, சீக்கிரம் அடிக்கும் போக்கிமோன்களைச் சேர்த்த 'ஹேமேக்கர்' என்ற டெக் அந்தக் காலத்துப் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்தது. ஆல்பத்தில் பூட்டி வைத்த சாரிசார்ட் பல வருடம் கழித்து விலையேறியது வேறு விஷயம். சேகரிப்பவரின் சந்தை ஒன்று, விளையாடுபவரின் மேசை ஒன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பிள்ளைகள் காசை விடுகிறார்கள், பெரியவர்களும்தான்.

யாரும் திரும்பிப் பார்க்காத அட்டைகள்

அடிக்கும் அட்டைகளைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். நல்ல டெக் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் சண்டை போடும் போக்கிமோன் கொஞ்சமே இருக்கும். பெரும்பகுதி, தேவையான அட்டையைக் கைக்குக் கொண்டு வரும் உதவி அட்டைகள்.

2022இல் வந்த 'பிபாரெல்' என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். பல் நீண்ட நீர்நாய் மாதிரி அசட்டுச் சிரிப்போடு இருக்கும். தாக்குதலுக்காக அதை யாரும் டெக்கில் சேர்க்கவில்லை. அதன் திறமை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முறையும், கையில் ஐந்து அட்டை ஆகும்வரை எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒன்றே இருந்தால் நான்கு கிடைக்கும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, எனர்ஜி எதுவும் கேட்காமல், முறைக்கு முறை இதைச் செய்யும். சில காசுக்குக் கிடைத்த இந்த அட்டை எத்தனையோ டெக்குகளைத் தாங்கிப் பிடித்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். பந்தி நடப்பது சமையற்கட்டில் நிற்பவரால்.

'புரொஃபசர்ஸ் ரிசர்ச்' இன்னொன்று. கையிலிருக்கும் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஏழு புதிய அட்டை எடுக்கலாம். புதிதாக விளையாடுபவர்கள் இதைக் கண்டு பயப்படுவார்கள், "நல்ல அட்டையெல்லாம் போய்விடுமே" என்று. கையில் பயன்படாமல் கிடக்கும் நல்ல அட்டையைவிட, இப்போதே இறக்கக்கூடிய சுமாரான அட்டை மேல் என்பது விளையாடிப் பழகிய பிறகே உறைக்கும். ஆனால் இதுவும் சப்போர்ட்டர், முறைக்கு ஒன்று என்ற விதிக்குக் கட்டுப்பட்டது. ஆகவே ஒரு சப்போர்ட்டரை மதிப்பிடும்போது அது நல்லதா என்று கேட்டால் போதாது. அதே முறையில் போடக்கூடிய வேறொன்றைவிட நல்லதா என்று கேட்க வேண்டும்.

அந்த வேறொன்று பெரும்பாலும் 'பாஸஸ் ஆர்டர்ஸ்'. எதிராளியின் பெஞ்சில் பதுங்கியிருக்கும் போக்கிமோனை முன்னணிக்கு இழுத்து வரும் அட்டை. முன்பு சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எதிராளி ஒரு பரிசு எடுத்திருக்கிறார். சாரிசார்டின் சேதம் 210. அவர் பெஞ்சில் 'ஃபெசாண்டிபிட்டி இஎக்ஸ்' உட்கார்ந்திருக்கிறது, அதன் உயிர்ப்புள்ளியும் சரியாக 210. இழுத்து வந்து ஓர் அடி, இரண்டு பரிசு. சேதம் 200ஆக இருந்திருந்தால் பத்துப் புள்ளியில் அது தப்பித்திருக்கும். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் "எவ்வளவு அடிக்கும்" என்று கேட்பதில்லை, "யாரை எத்தனை அடியில் வீழ்த்தும்" என்று கேட்கிறார்கள். 150க்கும் 160க்கும் சில சமயம் வித்தியாசமே இல்லை. 200க்கும் 210க்கும் ஆட்டமே மாறிவிடும்.

'அயோனோ' என்ற சப்போர்ட்டரின் மதிப்பு நேரத்தைப் பொறுத்தது. இருவரும் கையிலிருப்பதை டெக்கின் அடியில் வைத்துவிட்டு, தங்களுக்கு மிச்சமிருக்கும் பரிசு அட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் புதிதாக எடுக்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் போட்டால் ஆளுக்கு ஆறு. எதிராளிக்கு ஒரே பரிசு மிச்சமிருக்கும்போது போட்டால், வெற்றியைக் கையில் வைத்திருந்தவர் ஒரே ஓர் அட்டையோடு விழிப்பார்.

எத்தனை பிரதி வேண்டும்?

இங்கேதான் பள்ளிக் கணக்குப் பாடம் வேலைக்கு வருகிறது. 60 அட்டையில் ஒன்றே ஒன்று வைத்திருந்தால், தொடக்கக் கை ஏழில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 12 விழுக்காடு. இரண்டு வைத்தால் 22. மூன்றுக்கு 32. நான்குக்கு 40. நான்கு வைத்தும் பாதி ஆட்டங்களில்கூட அது தொடக்கத்தில் கைக்கு வராது! முதல் முறையிலேயே தேவைப்படும் அட்டை என்றால் நான்கு வைக்க வேண்டும், அதோடு அதைத் தேடித் தரும் வேறு அட்டைகளும் வேண்டும். ஆட்ட இறுதியில் ஒரு முறை தேவைப்படும் அட்டை என்றால் ஒன்றோ இரண்டோ போதும்.

ஒன்றே வைப்பதில் இன்னொரு ஆபத்து. அந்த ஒன்று பரிசு அட்டைகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 60இல் 6, அதாவது 10 விழுக்காடு. பத்து ஆட்டத்தில் ஓர் ஆட்டம் அந்த அட்டை இல்லாமலே தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளின் டெக்கில் அடிக்கடி காணப்படும் கோளாறு, வளர்ந்த பெரிய போக்கிமோன்களை அடுக்கிவிட்டு அடிப்படைப் போக்கிமோனைக் குறைத்துவிடுவது. தொடக்கக் கையில் அடிப்படைப் போக்கிமோன் ஒன்றுகூட இல்லையென்றால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு தடவையும் எதிராளி ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் எட்டு அடிப்படைப் போக்கிமோன்தான் என்றால் இது நடக்கும் வாய்ப்பு 35 விழுக்காட்டை நெருங்கும். பன்னிரண்டு என்றால் 19ஆகக் குறையும். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், யாரும் மதிக்காத சார்மாண்டர் அட்டை மூன்றாவது சாரிசார்டைவிடப் பெறுமதி வாய்ந்ததாகக்கூட இருக்கலாம். சார்மாண்டர் இல்லாமல் கையில் இரண்டு சாரிசார்ட் வைத்துக்கொண்டு முழிப்பதைப்போல் எரிச்சலானது வேறில்லை.

மூலையில் இருக்கும் எழுத்து

வாங்குவதற்கு முன் அட்டையின் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். கடுகளவில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஸ்டாண்டர்ட்' எனப்படும் முறையில் நடக்கும் போட்டிகளில் எந்தெந்த எழுத்து அட்டைகள் செல்லும் என்று அவ்வப்போது அறிவிக்கப்படும். ஆங்கில அட்டைகளுக்கான சர்வதேசப் போட்டிகளில் 2025 ஏப்ரல் 11 முதல் 'எஃப்' எழுத்துள்ளவை நீக்கப்பட்டன. டெக்குகளைத் தாங்கிய பிபாரெலும் அதோடு விடைபெற்றது. அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் ஜெயித்த டெக்கைத் தம்பி எடுத்துக்கொண்டு இன்று போட்டிக்குப் போனால் மேசையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். வீட்டில் விளையாட எந்தத் தடையும் இல்லை.

இதில் ஒரு சலுகையும் உண்டு. அதே அட்டை இப்போது செல்லுபடியாகும் எழுத்தோடு மறுபதிப்பு வந்திருந்தால், அலமாரியில் கிடக்கும் பழைய பிரதியையும் போட்டிக்குப் பயன்படுத்தலாம். உதவி அட்டைகளில் இப்படி மறுபடி மறுபடி அச்சாகி வருபவை உண்டு. ஆகவே பழைய அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடும் முன் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

எழுத்துக்குப் பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். 'ஒப்சிடியன் ஃப்ளேம்ஸ்' சாரிசார்டின் சாதாரணப் பிரதியில் 125/197 என்று இருக்கும். அதே அட்டை, அதே எழுத்துகள், அதே சேதம், ஆனால் ஓவியம் மட்டும் அட்டை முழுக்க விரிந்த பிரதியில் 223/197 என்று இருக்கும். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் அது அபூர்வப் பிரதி. கடையில் இரண்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். ஆட்ட மேசையில் இரண்டும் ஒன்றே. விளையாட மட்டுமே வேண்டுமென்றால் 125ஆம் எண்ணை வாங்கினால் போதும்.

இப்படித் தேவையான அட்டையைத் தனித்தனியாக விற்கும் கடைகள் நகரங்களில் இருக்கின்றன. இணையத்திலும் விற்கிறார்கள். பிள்ளைகள் 'சிங்கிள்' என்பார்கள். டெக் கட்டுவதுதான் நோக்கம் என்றால், பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துத் தேடுவதைவிட சிங்கிள் வாங்குவதே சிக்கனம். பாக்கெட் பிரிப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, பிறந்தநாளுக்கு ஒன்றிரண்டு வாங்கித் தரலாம். ஆனால் அது பொழுதுபோக்குச் செலவு, டெக்குக்கான செலவு அல்ல. இரவுச் சந்தையில் நம்ப முடியாத விலைக்குப் பெட்டி பெட்டியாகத் தொங்குவதைக் கண்டால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. போலி அட்டைகள் ஏராளம், போட்டியில் அவை செல்லாது.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. அட்டையின் பெயரையும் வேலையையும் காகிதத் துண்டில் எழுதி, உறைக்குள் வேறோர் அட்டையின் மேல் செருகி வீட்டில் பத்து ஆட்டம் விளையாடலாம். போட்டிக்கு இது ஆகாது, பழக இது போதும். 2023 முதல் 'போக்கிமோன் டிசிஜி லைவ்' என்ற இலவசச் செயலியும் இருக்கிறது. ஆங்கிலப் பாக்கெட்டுகளுக்குள் வரும் குறியீட்டு அட்டையைப் பிள்ளைகள் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அதிலுள்ள குறியீட்டை இந்தச் செயலியில் பதிந்தால் அங்கேயும் அட்டைகள் கிடைக்கும்.

பத்து ஆட்டம் விளையாடும்போது ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்த்த அட்டை கைக்கு வந்தபோது மகிழ்ச்சியாக இருந்ததா, "இது ஏன் இப்போது வந்தது" என்று தோன்றியதா? தோற்றுக்கொண்டிருந்தபோது அது உதவியதா, ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தபோது மட்டும் உதவியதா? ஜெயிக்கும்போது மட்டும் பளிச்சிடும் அட்டைகளே பெரும்பாலும் முதலில் டெக்கை விட்டு வெளியேற வேண்டியவை. பிள்ளைகள் அவற்றைத்தான் கடைசிவரை விட மாட்டார்கள்.

இனி, அந்த டியூஷன் வாசல் பேரத்துக்கு வருவோம். அண்ணன் நீட்டியது 330 சேதம் தரும் '151' சாரிசார்ட். தம்பி கொடுக்கப்போவது நான்கு ரேர் கேண்டி. அவை போனால் அவனிடம் இருக்கும் இரண்டாம் கட்டப் போக்கிமோன்கள் எல்லாம் ஒரு முறை தாமதமாகத்தான் இறங்கும். ஆட்டக் கணக்கில் தம்பிக்கு நட்டம்தான்.

ஆனாலும் "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன் அவன் அட்டையின் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். அங்கே 006/165 என்று இருந்தால் அது சாதாரணப் பிரதி, ரேர் கேண்டியைக் கொடுக்கத் தேவையில்லை. 199/165 என்று இருந்து, அட்டை போலியாகவும் இல்லாவிட்டால், சேகரிப்பவர்கள் தேடும் பிரதி அது. ரேர் கேண்டியோ கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அட்டை. அந்தச் சாரிசார்டை விற்றால் நான்கு ரேர் கேண்டியை மறுபடி வாங்கி, 125ஆம் எண் சாரிசார்ட் மூன்றும் வாங்கி, மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஒரு வேளை அண்ணனுக்குத்தான் அந்த மூலையைப் பார்க்கத் தெரியவில்லையோ என்னவோ. அப்படியானால் அவனிடம் அதைச் சொல்லிவிட்டு, அப்பா அம்மாவும் தெரிந்துகொண்ட பிறகு மாற்றிக்கொள்வதே இருவருக்கும் நியாயமான பேரம்.